சர்க்கரை நோயும் காலை ஆகாரமும்

பெங்களூர் நகரின் பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது ஒக்கலிபுரம். அதை அடுத்து ஸ்ரீராமபுரம். இங்கே தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைய உண்டு. வேலை தேடி வந்தவர்கள், அவர்களின் பிள்ளைகள், பேரப் பிள்ளைகள் என்று பல தலைமுறையாக வாழ்கிறார்கள்.

இந்தத் தெருக்களில் பொழுது விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். பூ விற்பவர் மார்க்கெட்டுக்குப் புறப்படுவார். தெரு பெருக்குபவர் துடைப்பத்தோடு கிளம்புவார். ஆட்டோ ஓட்டுபவர் ரயில் நிலையத்துக்கு விரைவார். வீட்டு வேலைக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்குச் சமைத்து வைத்துவிட்டு ஓடுவார்.

இவர்கள் காலையில் என்ன சாப்பிடுகிறார்கள்? பலருக்கு ஒரு டீயும் ஒரு பன்னும்தான். சிலருக்கு அதுவும் இல்லை. பத்து மணிக்கு, பதினோரு மணிக்குப் பசி தாங்காமல் ஒரு தட்டுச் சோறு.

நல்ல உடல்நிலை உள்ளவருக்கே இது சரியில்லை. சர்க்கரை நோய் உள்ளவருக்கு இது ஆபத்து. ஆனால் காலை ஆகாரத்தைச் சரிசெய்ய அதிகப் பணம் தேவையில்லை. பெட்டிக் கடையிலும் சந்தையிலும் கிடைக்கும் பொருள்களே போதும். எதை, எவ்வளவு, எப்போது சாப்பிடுவது என்று தெரிந்தால் போதும்.

சர்க்கரை நோய் என்றால் என்ன?

நாம் சாப்பிடும் சோறு, இட்லி, ரொட்டி எல்லாவற்றிலும் மாவுச்சத்து இருக்கிறது. அது வயிற்றிலும் குடலிலும் செரித்துச் சர்க்கரையாக மாறுகிறது. அந்தச் சர்க்கரை ரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் போகிறது. அதுதான் உடலுக்கு எரிபொருள்.

ரத்தத்தில் உள்ள சர்க்கரை தசைக்குள் நுழைய உதவி வேண்டும். அந்த உதவியைச் செய்வது இன்சுலின். வயிற்றுக்குப் பின்னால் உள்ள கணையம் என்ற உறுப்பு இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் குறைந்து போனாலும், இருக்கும் இன்சுலின் சரியாக வேலை செய்யாவிட்டாலும், சர்க்கரை ரத்தத்திலேயே தங்கிவிடும். இதுதான் சர்க்கரை நோய். நீரிழிவு என்றும் சொல்வார்கள்.

1921-ஆம் ஆண்டு கனடா நாட்டின் டொரன்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்ற இருவர் இன்சுலினைப் பிரித்து எடுத்தார்கள். 1922-இல் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அந்த மருந்து முதலில் கொடுக்கப்பட்டது. அதற்கு முன் இளம் வயதில் இந்த நோய் வந்தவர்கள் பிழைப்பது அரிது. இன்று அப்படி இல்லை. மருந்தும் உணவும் நடையும் சேர்ந்தால் நீண்ட காலம் நன்றாக வாழலாம்.

2023-ஆம் ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு ஒன்று வெளிவந்தது. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது சொல்கிறது. கிராமத்தில் வயது வந்த 100 பேரில் சுமார் 9 பேருக்கு இந்த நோய். நகரத்தில் 100 பேரில் சுமார் 16 பேருக்கு. இது பணக்காரர் நோய் என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது.

ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருந்தாலும் தொடக்கத்தில் வலி தெரியாது. அதனால் பலர் கவலைப்படுவதில்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருந்தால் கண் மங்கும். சிறுநீரகம் பழுதாகும். இதயம் கெடும். காலில் உணர்ச்சி குறையும். கல் குத்தினாலும் தெரியாது. சின்னப் புண் பெரிதாகிக் காலையே எடுக்க நேரலாம். கூலிக்குப் போகும் ஒருவரின் கால் போனால் குடும்பத்தின் வருமானமே போய்விடும். அதனால்தான் இன்றைய தட்டைப் பற்றி இன்றே யோசிக்க வேண்டும்.

காலையில் ஏன் கூடுதல் கவனம்?

இரவு எட்டு மணி, ஒன்பது மணிக்குச் சாப்பிட்டு முடிக்கிறோம். காலை வரை வயிறு காலியாக இருக்கிறது. ஆனாலும் உடல் சும்மா இருப்பதில்லை. விடியற்காலையில் உடலில் சில சுரப்பு நீர்கள் கூடுகின்றன. எழுந்து வேலை செய்யத் தேவையான சர்க்கரையைக் கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து ரத்தத்தில் விடுகிறது. சர்க்கரை நோய் உள்ளவருக்கு இந்த நேரத்தில் அளவு ஏற்கெனவே உயர்ந்து இருக்கும்.

அந்த நேரத்தில் சர்க்கரை போட்ட டீயும் மைதா பன்னும் உள்ளே போனால் என்ன ஆகும்? ஏறிக் கிடக்கும் சர்க்கரை இன்னும் ஏறும். ஆகவே காலை ஆகாரத்தைக் கைவிடவும் கூடாது. கண்டதைச் சாப்பிடவும் கூடாது.

வேகமாகச் செரிப்பதும் மெதுவாகச் செரிப்பதும்

ரயில் நிலைய வாசலை நினைத்துப் பாருங்கள். ஒரே நேரத்தில் நான்கு ரயில்கள் வந்து நிற்கின்றன. வாசலில் டிக்கெட் பரிசோதகர் ஒருவர்தான். எல்லோரும் ஒன்றாக வந்தால் நெரிசல். அதே கூட்டம் ஒவ்வொரு ரயிலாக, நேரம் விட்டு வந்தால் நெரிசல் இல்லை. வெளியே போகும் ஆட்களின் எண்ணிக்கை ஒன்றுதான். வரும் வேகம்தான் வேறு.

உணவும் அப்படித்தான். தீட்டிய வெள்ளை அரிசி, மைதா, சர்க்கரை, பழச்சாறு ஆகியவை வேகமாகச் செரிக்கும். சர்க்கரை ஒரே நேரத்தில் ரத்தத்தில் வந்து குவியும். இருக்கும் கொஞ்சம் இன்சுலினால் சமாளிக்க முடியாது. முழுத் தானியம், பயறு, பருப்பு, காய், கீரை ஆகியவற்றில் நார்ச்சத்து உண்டு. அவை மெதுவாகச் செரிக்கும். சர்க்கரையும் சிறிது சிறிதாக வரும்.

1981-ஆம் ஆண்டு டேவிட் ஜென்கின்ஸ் என்ற அறிஞரும் அவருடன் பணி செய்தவர்களும் இதை அளந்து காட்டினார்கள். எந்த உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று ஒரு பட்டியல் தயாரித்தார்கள். அதுவும் டொரன்டோ நகரில்தான் நடந்தது. இன்று உலகம் முழுவதும் மருத்துவர்கள் அந்த முறையைப் பயன்படுத்துகிறார்கள்.

தட்டை எப்படிப் பிரிப்பது?

பட்டியல் எல்லாம் மனத்தில் நிற்காது. தட்டு நிற்கும். ஒரு தட்டை எடுத்துக் கொள்ளுங்கள். நடுவில் ஒரு கோடு இருப்பதாக நினையுங்கள்.

ஒரு பாதியில் காய், கீரை. மாவுச்சத்து அதிகம் உள்ள உருளைக் கிழங்கு இதில் சேராது.

மறு பாதியை இரண்டாக்குங்கள். அதில் ஒரு பங்கு பயறு, பருப்பு, சுண்டல், முட்டை போன்றவை. இவற்றில் புரதம் உண்டு. சிறுநீரகம் பழுதானவர்கள் மட்டும் புரதத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டுக் கொள்ள வேண்டும்.

மிச்சம் உள்ள கால் பங்கு இட்லி, ரொட்டி, களி, உப்புமா போன்றவை.

நம் வீடுகளில் பெரும்பாலும் இது தலைகீழாக இருக்கிறது. முக்கால் தட்டு இட்லியோ சோறோ இருக்கும். ஓரத்தில் ஒரு கரண்டி சட்னி இருக்கும். இதை மாற்றுவதுதான் முதல் வேலை.

இன்னொரு சுலபமான வழியும் உண்டு. முதலில் காயையும் சுண்டலையும் சாப்பிடுங்கள். பிறகு இட்லியையோ ரொட்டியையோ சாப்பிடுங்கள். அதே உணவுதான். ஆனால் இந்த வரிசையில் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும் அளவு குறைகிறது. இதற்குச் செலவே இல்லை.

கேழ்வரகு நல்லதா?

பெங்களூரில் ராகி இல்லாத வீடு குறைவு. நாம் களி என்பதைக் கன்னடத்தில் முத்தெ என்பார்கள். கர்நாடகத்தின் தென்பகுதியிலும், தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலும் பல நூறு ஆண்டுகளாக இது உழவரின் உணவு.

இந்தத் தானியத்துக்காக உழைத்த விஞ்ஞானி ஒருவர் உண்டு. அவர் பெயர் லட்சுமணையா. மண்டியா அருகில் உள்ள வி.சி. பண்ணையில் பணி செய்தார். இந்திய ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் இணைத்துப் புதிய ரகங்களை உண்டாக்கினார். இந்தியா, ஆப்பிரிக்கா என்ற இரண்டு பெயர்களையும் சேர்த்து 'இண்டாஃப்' என்று அவற்றுக்குப் பெயர். அந்த ரகங்களால் விளைச்சல் பெருகியது. மக்கள் அவரை 'ராகி லட்சுமணையா' என்றே அழைத்தார்கள்.

கேழ்வரகின் சிறப்பு என்ன? அது மிகச் சிறிய தானியம். அரிசியைப் போல அதைத் தீட்டி வெளுப்பாக்குவது கடினம். அதனால் தோலோடு சேர்த்தே அரைக்கிறோம். தோலில் உள்ள நார்ச்சத்து மாவிலேயே தங்கிவிடுகிறது. 100 கிராம் கேழ்வரகில் நார்ச்சத்து சுமார் 11 கிராம். தீட்டிய அரிசியில் சுமார் 3 கிராம்தான். எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் கேழ்வரகில் மிக அதிகம். 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "ராகி சர்க்கரை நோய்க்கு மருந்து. எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்" என்று பலர் நினைக்கிறார்கள். இது தவறு. 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். கேழ்வரகில் சுமார் 70 கிராம். பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு பெரிய களி உருண்டை சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

எப்படிச் சமைக்கிறோம் என்பதும் முக்கியம். மாவை மெல்லிய துணியில் சலித்து, நீர்க்கக் கஞ்சி காய்ச்சி, வெல்லம் போட்டுக் குடித்தால் என்ன ஆகும்? சலிக்கும்போது நார் போய்விடும். நன்றாக வெந்த நீர்க் கஞ்சியை மெல்ல வேண்டியதில்லை. மடமடவென்று உள்ளே போகும். வேகமாகச் செரிக்கும். வெல்லமும் சேர்ந்துகொள்ளும். நல்ல தானியம்தான். ஆனால் அதன் பலன் கிடைக்காது.

மாவைச் சலிக்காமல் ரொட்டியாகத் தட்டினால் நல்லது. ஒருவருக்கு ஒரு பெரிய கைப்பிடி மாவு போதும். அதில் நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், இரண்டு கைப்பிடி முருங்கைக் கீரை, துருவிய கேரட், உப்பு சேர்க்க வேண்டும். வெந்நீர் தெளித்துப் பிசைந்து தோசைக்கல்லில் தட்ட வேண்டும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் வேகவிட வேண்டும். தொட்டுக் கொள்ளக் கொள்ளுத் துவையல் அல்லது பருப்பு. இது வயிற்றில் நெடுநேரம் நிற்கும்.

களி பிடித்தவர்கள் களியே சாப்பிடலாம். ஒரு சிறிய உருண்டை போதும். கூடவே கீரைக் குழம்பும் பயறும் நிறைய இருக்க வேண்டும்.

நம் தாத்தா பாட்டி பெரிய உருண்டைக் களி சாப்பிட்டார்கள். உண்மைதான். ஆனால் அவர்கள் ஏர் உழுதார்கள். கிணற்றில் நீர் இறைத்தார்கள். பல மைல் நடந்தார்கள். தையல் மெஷின் முன்னால் எட்டு மணி நேரம் உட்காருபவருக்கு அந்த அளவு பொருந்தாது.

இட்லி, தோசை, உப்புமா

இட்லி ஆவியில் வேகும் நல்ல பண்டம். எண்ணெய் இல்லை. ஆனால் அதில் பெரும்பங்கு அரிசி. ஆகவே இரண்டு இட்லியோடு நிறுத்திக் கொள்ள வேண்டும். பசிக்குச் சாம்பாரைக் கூட்ட வேண்டும். பருப்பும் காயும் நிறைந்த கெட்டிச் சாம்பார் ஒரு கிண்ணம் நிறைய இருக்கட்டும். மாவு அரைக்கும்போதே அரிசியைக் குறைத்து உளுந்தைக் கூட்டலாம். அரிசியில் பாதிக்குப் பதிலாகக் கேழ்வரகோ சாமையோ சேர்க்கலாம்.

ரவை இட்லி பெங்களூரில் பிறந்தது என்பார்கள். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. பர்மா அரிசி வரவில்லை. அரிசிப் பஞ்சம் வந்தது. அப்போது மாவள்ளி டிபன் ரூம்ஸ் என்ற உணவகத்தார் ரவையில் இட்லி செய்தார்கள் என்று சொல்வது வழக்கம். பஞ்சத்துக்கு அது நல்ல வழி. ஆனால் "ரவை கோதுமை, அதனால் சர்க்கரை ஏறாது" என்று நினைப்பது சரியல்ல. ரவை என்பது தவிடு நீக்கிய கோதுமை. அதுவும் வேகமாகச் செரிக்கும். உப்புமா செய்தால் ஒரு பங்கு ரவைக்கு இரண்டு பங்கு காய் போட வேண்டும். சம்பா ரவை கிடைத்தால் இன்னும் நல்லது.

எல்லாவற்றிலும் மேலானவை பயறு வகைப் பண்டங்கள். பச்சைப் பயறை இரவில் ஊற வைத்துக் காலையில் அரைத்துத் தோசை வார்க்கலாம். பாதிக்கு மேல் பருப்பு போட்டு அடை வார்க்கலாம். காராமணி, கொள்ளு, கொண்டைக்கடலைச் சுண்டல் செய்யலாம். மார்கழி, தை மாதங்களில் பெங்களூரில் அவரைக்காளு என்ற பச்சை மொச்சை மலையாகக் குவியும். அதைக் குழம்பிலும் உப்புமாவிலும் தாராளமாகச் சேர்க்கலாம்.

கடையில் சாப்பிடுபவர்கள் என்ன செய்வது?

எல்லோராலும் வீட்டில் சமைத்துச் சாப்பிட முடியாது. 2017 ஆகஸ்டில் பெங்களூரில் இந்திரா கேன்டீன்கள் திறக்கப்பட்டன. காலை ஆகாரம் 5 ரூபாய் என்று தொடங்கின. கூலி வேலை செய்பவர்களுக்கு அது பெரிய உதவி. அங்கேயோ, தள்ளுவண்டியிலோ, ஓட்டலிலோ சாப்பிடுபவர்கள் சிலவற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்.

பூரி, மசால் தோசை, பரோட்டாவை விட இட்லி சாம்பார் மேல். சௌசௌ பாத் என்று ஒரே தட்டில் காரா பாத்தும் கேசரி பாத்தும் தருவார்கள். கேசரியை விட்டுவிடலாம். காரா பாத் மட்டும் கேட்டு வாங்கலாம். சித்ரான்னம், புளியோதரை ஆகியவை முழுக்கச் சோறுதான். வேறு வழி இல்லாவிட்டால் பாதி அளவு சாப்பிட்டு, வீட்டிலிருந்து ஒரு டப்பாச் சுண்டலோ, ஒரு வேகவைத்த முட்டையோ, ஒரு வெள்ளரிக்காயோ கொண்டு போய்ச் சேர்த்துக் கொள்ளலாம்.

இரவிலேயே சுண்டலை ஊற வைத்தால் காலையில் வேலை குறையும். இதை வீட்டில் எல்லோரும் சேர்ந்து செய்யலாம். பெண்கள் மட்டுமே செய்ய வேண்டும் என்பதில்லை.

டீயில் ஒளிந்திருக்கும் சர்க்கரை

ஒரு டீயில் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை போடுகிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். ஒரு தேக்கரண்டி சுமார் 5 கிராம். ஆக ஒரு டீக்கு 10 கிராம். ஒரு நாளைக்கு ஐந்து டீ என்றால் 50 கிராம். மாதம் 30 நாளைக்குக் கணக்குப் போடுங்கள். 1500 கிராம் வரும். அதாவது ஒன்றரைக் கிலோ சர்க்கரை! டீயில் மட்டும் இவ்வளவு.

"சர்க்கரை வேண்டாம்" என்று கடைக்காரரிடம் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். ஒரே நாளில் விட முடியாவிட்டால் பாதியாகக் குறைக்கலாம். பிறகு இன்னும் பாதி. சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

வெல்லம், கருப்பட்டி, தேன் ஆகியவையும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும். சர்க்கரைக்குப் பதிலாக இவை என்று ஏமாற வேண்டாம். பன், ரஸ்க், பிஸ்கட் ஆகியவை பெரும்பாலும் மைதா. "சர்க்கரை சேர்க்காதது" என்று உறையில் எழுதிய பிஸ்கட்டிலும் மாவு இருக்கிறது. அந்த மாவும் உடலில் சர்க்கரையாகத்தான் மாறும்.

வெறும் வயிற்றில் மாத்திரை

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

சர்க்கரை அதிகமானால் கெடுதல் மெதுவாக வரும். சர்க்கரை மிகவும் குறைந்தால் ஆபத்து உடனே வரும். மாத்திரையோ இன்சுலின் ஊசியோ போட்டுக் கொண்டு சாப்பிடாமல் வேலைக்கு ஓடினால் இப்படி நடக்கலாம். மருந்து சர்க்கரையைக் குறைக்கும். வேலையும் சர்க்கரையைக் குறைக்கும். உள்ளே உணவு இல்லை. பிறகு என்ன ஆகும்?

கை நடுங்கும். வியர்த்துக் கொட்டும். நெஞ்சு படபடக்கும். கண் இருளும். பேச்சு குழறும். குடித்தவர் என்று பிறர் நினைத்து விலகிப் போகக் கூடும். வண்டி ஓட்டுபவருக்கும் சாரத்தில் ஏறி வேலை செய்பவருக்கும் இது உயிருக்கே ஆபத்து.

இந்த அறிகுறி தெரிந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். 15 நிமிடம் உட்கார வேண்டும். சரியாகவில்லை என்றால் மறுபடியும் அதே அளவு குடிக்க வேண்டும். சரியான பிறகு ஆகாரம் சாப்பிட வேண்டும். நினைவு இழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மூச்சுக் குழலுக்குள் போய்விடும். 108-க்குப் போன் செய்து மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

மாத்திரை சாப்பிடுபவர்கள் சட்டைப் பையிலோ சுருக்குப் பையிலோ ஒரு சின்னப் பொட்டலம் சர்க்கரை வைத்திருக்க வேண்டும். சில மாத்திரை உணவுக்கு முன். சில உணவோடு. எது எப்போது என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். விரதம் இருப்பவர்களும் நோன்பு இருப்பவர்களும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பல வீடுகளில் பெண்கள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுகிறார்கள். அல்லது மீந்ததைச் சாப்பிடுகிறார்கள். மாத்திரை போட்ட தாய் பத்து மணி வரை பட்டினி கிடக்கிறாள். அவள் முதலில் சாப்பிடுவது சுயநலம் இல்லை. அது மருத்துவம். வீட்டில் உள்ளவர்கள்தான் "நீ முதலில் உட்கார் அம்மா" என்று சொல்ல வேண்டும்.

ஒரு வாரத்துக்கு ஒரு வழி

திங்கள்: கேழ்வரகு ரொட்டி ஒன்று, பருப்புக் கடைசல், வெள்ளரிக்காய்.

செவ்வாய்: இட்லி இரண்டு, காய்ச் சாம்பார் ஒரு கிண்ணம், வேகவைத்த முட்டை ஒன்று.

புதன்: பச்சைப் பயறு தோசை இரண்டு, தக்காளிச் சட்னி, ஒரு டம்ளர் மோர்.

வியாழன்: சம்பா ரவை உப்புமா ஒரு கிண்ணம், அதில் பாதிக்கு மேல் காய், கூடவே சுண்டல்.

வெள்ளி: அடை ஒன்று, கீரை மசியல்.

சனி: சிறிய களி உருண்டை ஒன்று, கொள்ளுக் குழம்பு, கீரைப் பொரியல்.

ஞாயிறு: கோதுமைச் சப்பாத்தி இரண்டு, கொண்டைக்கடலைக் குருமா, வெங்காயம்.

இது ஒரு மாதிரிதான். கிடைக்கும் பொருளுக்கு ஏற்ப மாற்றிக் கொள்ளலாம். சுமை தூக்குபவருக்கும் உட்கார்ந்து வேலை செய்பவருக்கும் அளவு வேறுபடும். கர்ப்பிணிகளும், சர்க்கரை நோய் உள்ள குழந்தைகளின் பெற்றோரும் மருத்துவர் சொல்லும் அளவைப் பின்பற்ற வேண்டும்.

மக்கள் கேட்கும் சில கேள்விகள்

பழைய சோறு சாப்பிடலாமா?
பழைய சோறும் சோறுதான். சிறிய கிண்ணம் போதும். மோர், வெங்காயம், சுண்டல் சேர்த்துக் கொள்ள வேண்டும்.

பழம் சாப்பிடலாமா?
சாப்பிடலாம். ஒரு கொய்யா, அல்லது ஒரு துண்டு பப்பாளி நல்லது. பழத்தைக் கடித்துச் சாப்பிட வேண்டும். சாறாகப் பிழிந்தால் நார் போய்விடும். சர்க்கரை மட்டும் மிஞ்சும்.

விலை அதிகமான ஓட்ஸ் வாங்க வேண்டுமா?
தேவையில்லை. கேழ்வரகும் பயறும் அந்த வேலையைச் செய்யும். விலையும் குறைவு.

பாகற்காய்ச் சாறும் வெந்தயமும் இருந்தால் மாத்திரையை நிறுத்தலாமா?
கூடாது. பாகற்காயும் வெந்தயமும் நல்ல உணவு. ஆனால் மாத்திரைக்குப் பதில் ஆகாது. மருத்துவர் சொல்லாமல் மருந்தை நிறுத்துவது ஆபத்து.

சாப்பிட்ட பிறகு என்ன செய்வது?
பத்து, பதினைந்து நிமிடம் நடக்க வேண்டும். நடக்கும்போது தசை சர்க்கரையை இழுத்துக் கொள்ளும். பஸ் நிறுத்தம் வரை நடப்பதும் நடைதான்.

நம் தட்டு நமக்குச் சரியா? எப்படித் தெரியும்?

ரத்தச் சோதனைதான் சொல்லும். இரவு முழுவதும் சாப்பிடாமல் காலையில் செய்யும் சோதனையில் அளவு 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை நோய் இருக்கலாம். மறுபடியும் சோதித்து மருத்துவர் உறுதி செய்வார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனையும் உண்டு. அதில் 6.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் உள்ளதாகக் கொள்வார்கள்.

30 வயது ஆன எல்லோரும் ஒரு முறையாவது சோதித்துக் கொள்வது நல்லது. பெற்றோருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் கட்டாயம் சோதிக்க வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைச் செய்கிறார்கள். 2023 முதல் பெங்களூர் வார்டுகளில் 'நம்ம கிளினிக்'குகளும் திறக்கப்பட்டன. ஒக்கலிபுரம், ஸ்ரீராமபுரம் மக்களுக்கு மல்லேஸ்வரத்தில் உள்ள கே.சி. ஜெனரல் அரசு மருத்துவமனையும் அருகில்தான்.

நோய் உள்ளவர்கள் மருத்துவர் சொல்லும் நாளில் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் சோதிப்பார்கள். அந்த எண்ணைச் சீட்டில் குறித்து வையுங்கள். பக்கத்தில் அன்று சாப்பிட்டதையும் எழுதுங்கள். "மூன்று இட்லி, சட்னி" என்று ஒரு நாள். "இரண்டு இட்லி, சாம்பார், சுண்டல்" என்று இன்னொரு நாள். இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த ஆகாரம் உங்கள் உடலுக்கு ஒத்துக் கொள்கிறது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். எழுதப் படிக்கத் தெரிந்ததன் பயன் இதுவும்தான்.

நினைவில் வைக்க

காலை ஆகாரத்தைத் தவிர்க்காதீர்கள்.
தட்டில் பாதி காய், கால் பங்கு பயறு, கால் பங்கு இட்லி அல்லது ரொட்டி.
காயை முதலில் சாப்பிடுங்கள்.
ராகி நல்லது. அளவு அதைவிட முக்கியம்.
டீயில் சர்க்கரையைக் குறையுங்கள்.
மாத்திரை போட்டால் பட்டினி வேண்டாம்.
சாப்பிட்டதும் கொஞ்சம் நடங்கள்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் வீட்டில் ஒரு மாதத்துக்கு எத்தனை கிலோ சர்க்கரை வாங்குகிறீர்கள்?
2. இன்று காலை உங்கள் தட்டில் காய் எவ்வளவு இருந்தது?
3. உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவர் யார்? ஏன்?
4. உங்கள் தெருவில் சர்க்கரைச் சோதனை எங்கே செய்கிறார்கள்? அக்கம் பக்கத்தில் எத்தனை பேருக்கு அது தெரியும்?